பழைய வண்டி வாங்குமுன் படிக்க வேண்டியவை

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் நம் விவசாயி எத்துணை எச்சரிக்கையாக இருக்கிறார் என்பதை நாம் அறிவோம். பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார், சுழி பார்க்கிறார், நடக்க விட்டுப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். அதே விவசாயி, மாட்டைப் போலப் பன்மடங்கு விலை கொடுத்துப் பழைய சரக்கு வண்டியோ, காரோ, டிராக்டரோ வாங்கும்போது, புதுப் பெயிண்டைக் கண்டே முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஒன்றியத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். காய்கறிகளை மார்க்கெட்டுக்கு ஏற்றிச் செல்வதற்காக ஒரு விவசாயி, வீட்டு நகைகளை அடகு வைத்துப் பழைய சரக்கு வண்டி ஒன்றை வாங்கினார். விற்றவர் கையொப்பமிட்ட ஒரு வெள்ளைத் தாள்தான் அவரிடம் இருந்தது. மூன்றாம் மாதம், கடன் கொடுத்திருந்த நிறுவனத்தார் வந்து வண்டியை எடுத்துச் சென்றுவிட்டனர். அவர் எங்களிடம் முறையிட வந்தபோது, பதிவுச் சான்றின் நகலை வாங்கிப் பார்த்தோம். கடன் குறிப்பு அதிலேயே இருந்தது. தகுதிச் சான்றைக் கேட்டோம். அது காலாவதியாகி ஓராண்டு ஆகியிருந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைப் படித்திருந்தால் நகைகள் தப்பியிருக்கும். எங்களால் அன்று ஆறுதல் சொல்ல முடிந்ததேயன்றி, போன பணத்தை மீட்டுத்தர முடியவில்லை. அந்த நிலை இன்னொருவருக்கு வரலாகாது என்பதற்காகவே இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டோம்.

முதலில் கேட்க வேண்டியது ஆர்.சி. புத்தகம் என்று நாம் வழங்கும் பதிவுச் சான்று. அதிலுள்ள என்ஜின் எண்ணையும் சேஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். பொறித்த இடத்தில் ராவிய தடமோ வெல்டிங் தடமோ தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நலம். டிராக்டருடன் டிரெய்லரும் வாங்கினால், டிரெய்லருக்குத் தனிப் பதிவுச் சான்று உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, எப்.சி. எனப்படும் தகுதிச் சான்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, செல்லத்தக்க தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி, முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்பட மாட்டாது. 2018ஆம் ஆண்டு திருத்தப்பட்ட விதியின்படி, புதிய வண்டிக்கு 2 ஆண்டுகளுக்கும், பிறகு 8 வயது வரையில் 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் இச்சான்று தரப்படுகிறது.

எனவே, நடப்புச் சான்றை மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். பழைய சான்றுகளையும் கேட்டு வாங்கித் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒரு சான்று முடிந்த தேதிக்கும் அடுத்தது தொடங்கும் தேதிக்கும் இடையில் பல மாதங்கள் விடுபட்டிருந்தால், அந்த இடைவெளியில் வண்டி எங்கே இருந்தது என்று கேளுங்கள். விபத்துக்குள்ளாகி ஒர்க்ஷாப்பில் கிடந்திருக்கலாம், சான்றில்லாமலே ஓடியிருக்கலாம். விற்பவர் தெளிவாக விடை சொல்லாவிடில், அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்றும் மனத்தில் கொள்ள வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்த அன்று வண்டி தகுதியாக இருந்தது என்பதற்கே சான்று அத்தாட்சி. வேறு வண்டியின் நல்ல டயர்களை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றிவிடுவோரும் உண்டு. ஆகவே, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, ஓட்டியும் பார்க்க வேண்டும்.

சொந்த உபயோகக் காருக்கும் விவசாய டிராக்டருக்கும் நிலைமை வேறு. அவற்றின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகே ஆய்வு செய்து 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கிறார்கள். பிரிட்டனில் 1960ஆம் ஆண்டு முதல் வண்டிச் சோதனை நடைமுறையில் இருக்கிறது. இன்று அங்கே மூன்று வயதான கார் ஆண்டுதோறும் சோதிக்கப்படுகிறது. வண்டி எண்ணைக் கொண்டு, அது எப்போது தேறியது, எதனால் தவறியது, ஒவ்வொரு முறையும் எத்தனை தூரம் ஓடியிருந்தது என்பதை எவரும் இணையத்தில் படித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுகளில் அத்தகைய ஆண்டுச் சோதனை இல்லாமையால், அந்த வேலையை வாங்குபவரே செய்ய வேண்டியிருக்கிறது.

அதற்கு உதவுவது சர்வீஸ் புத்தகம். ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஓடிய கிலோமீட்டர் அதில் குறிக்கப்பட்டிருக்கும். டிராக்டராயின் ஓடிய மணி நேரம் இருக்கும். மூன்றாண்டுக்கு முன் 90,000 என்று குறித்த வண்டியின் மீட்டர் இன்று 60,000 காட்டுமானால், மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்பது வெளிப்படை. இன்சூரன்ஸ் பத்திரத்தையும் படியுங்கள். இழப்பீடு கோராதவருக்கு முதலாண்டில் 20 சதவீதம் தொடங்கி 50 சதவீதம் வரையில் பிரீமியச் சலுகை உயர்ந்துகொண்டே போகும். பல ஆண்டு ஒருவரிடமே இருந்த வண்டிக்கு அச்சலுகை இல்லையெனில், விபத்தா, வெள்ளமா என்று விசாரியுங்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கியதை நாம் மறந்துவிடக் கூடாது.

பதிவுச் சான்றில் கடன் குறிப்பு இருந்தால், "கடன் தீர்ந்துவிட்டது" என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்தவரின் நிலுவையின்மைக் கடிதமும் கையொப்பமிட்ட படிவம் 35ம் பெற்று, அக்குறிப்பு சான்றில் நீக்கப்பட்ட பிறகே முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, பதிவு, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் ஆகியவற்றின் தேதிகளையும், நிலுவை அபராதத்தையும் பார்க்கலாம்.

வாங்கியபின் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29லும் 30லும் விற்பவரிடம் கையொப்பம் பெறுங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: விபத்து இழப்பீட்டு வழக்குகளில், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது. வண்டியை விற்றுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவரின் நிலத்துக்கும் அதனால் ஆபத்து நேரக்கூடும்.

ஊராட்சி உறுப்பினர்களை நாம் வேண்டிக்கொள்வது ஒன்றே. உங்கள் ஊரில் எவரேனும் பழைய வண்டி வாங்கப் போகிறார் என்று கேள்விப்பட்டால், முன்பணம் கைமாறுவதற்கு முன் அவருடன் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்துக் கொடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்களையும் பழக்குங்கள். ஒரு மாலைப் பொழுது இதற்குப் போதும். அதனால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பு காப்பாற்றப்படும்.