எண்ணிய பிறகு பெருக்கட்டும்



கூட்டு நிகழ்ச்சிகளின் நிகழ்தகவை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்பதே இம்மாநாட்டின் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருக்கல் விதியை ஆசிரியர்களாகிய நாம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடுகிறோம். நிகழக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியலான கூறுவெளியைத் தன் கையால் எழுதிப் பழகாத பிள்ளைக்கு அந்த விதி வெறும் மனப்பாடம்தான்.

இரண்டு நாணயங்களைச் சுண்டினால் என்னென்ன விழும் என்று வகுப்பில் கேளுங்கள். இரண்டும் தலை, இரண்டும் பூ, தலையும் பூவுமாக ஒன்று. ஆக மூன்று என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 1/3 என்றும் முடிவுகட்டுவார்கள். இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் அடித்துவிட வேண்டாம். ஐரோப்பாவின் பெரும் கணித அறிஞர்களுள் ஒருவரான தலம்பேர், 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் இதே இடத்தில்தான் இடறினார். ஒரு நாணயத்தை இரு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழ வாய்ப்பு எவ்வளவு? முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூவுக்குப் பின் தலை, அல்லது பூவுக்குப் பின் பூ. மூன்றில் இரண்டு சாதகம் என்பதால் விடை 2/3 என்று எழுதினார். ஆனால் முதல் வழிக்கு வாய்ப்பு 1/2, மற்ற இரண்டுக்கும் தலா 1/4. சரியான விடை 3/4. அத்தனை பெரிய அறிவு தடுமாறிய இடத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நின்று யோசிக்க நேரம் கொடுப்பது நம் கடமை.

அந்த நேரத்தைப் பயனுள்ளதாக்க நம் வீடுகளிலேயே நல்ல கருவி இருக்கிறது: தாயக்கட்டை. இரண்டு கட்டைகள்; ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெற்று முகம் என நான்கு முகங்கள். ஒரு கட்டையின் முனையில் மட்டும் வண்ணம் பூசிவிடுங்கள். எது எந்தக் கட்டை என்ற குழப்பம் தீரும். நான்கு நிரை, நான்கு நிரல் போட்டுப் பதினாறு கட்டங்களையும் பிள்ளைகளே நிரப்பட்டும். ஆறு விழ ஒரே கட்டம். இரண்டும் வெற்றாக விழுந்து பன்னிரண்டு ஆவதும் ஒரே கட்டம். மூன்றுக்கு நான்கு. ஒன்று விழுவதான தாயத்துக்கு இரண்டு. முகங்கள் சீரான கட்டையென்றால் தாயம் விழும் நிகழ்தகவு 1/8 என்பதை விதி எதுவும் இல்லாமலே பிள்ளை கண்டுகொள்ளும்.

அடுத்து வரும் கேள்விதான் முக்கியம். அப்படியானால் எட்டு முறை உருட்டினால் தாயம் நிச்சயமா? நிச்சயம் என்றே பல பிள்ளைகள் சொல்லும். எட்டில் ஒன்றை எட்டு முறை கூட்டினால் ஒன்று வருகிறதல்லவா! ஆனால் ஒரு முறை தாயம் விழாமலிருக்க வாய்ப்பு 7/8. முன் விழுந்தது எதுவும் பின் விழுவதை மாற்றாது. எனவே 7/8ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறக்குறைய 0.34. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகவே வாய்ப்பு உண்டு. எங்கே கூட்டுவது, எங்கே பெருக்குவது என்ற குழப்பம் இந்த ஒரு கணக்கில் தெளியும்.

ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகளுக்கு ஒரு பையும் ஐந்து பந்துகளும் போதும். மூன்று சிவப்பு, இரண்டு நீலம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பந்துகளை எடுக்கும்போது, முதலில் எடுத்த பந்தைத் திரும்பப் போட்டால் இரண்டும் சிவப்பாக வர 9/25, போடாவிட்டால் 3/10. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் கையாலேயே உணர்ந்துகொள்வார்கள்.

நம் தேர்வுத்தாள்கள் கடைசி வரியில் உள்ள பின்னத்துக்கு மட்டுமே மதிப்பெண் தருமானால், வகுப்பில் யாரும் கட்டம் போட மாட்டார்கள். ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைய அமர்வுகளில் மாதிரி வினாத்தாள் தயாரிக்கும்போது, கூறுவெளியை எழுதியதற்கும் மரவரைபடம் வரைந்ததற்கும் தனி மதிப்பெண் ஒதுக்குங்கள். மாநாடு முடிவதற்குள் அதைத் தீர்மானமாகவும் நிறைவேற்றித் தாருங்கள்.