இடம் மாற முன்னம் ஒரு கணக்கு

(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு காலம் எங்கடை ஆக்கள் பலர் ஜெர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்தவுடன் லண்டனுக்குப் பெட்டி கட்டினார்கள். பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பை நினைத்துத்தான் போனார்கள். 2020 டிசம்பர் 31 உடன் அந்தச் சுதந்திரமான போக்குவரத்து முடிந்துவிட்டது. இப்போது பிள்ளைகள் கேட்பது வேறு கேள்வி: "அப்பா, முன்சனிலை வேலை கிடைச்சிருக்கு, டோர்ட்மண்டை விட்டுப் போகலாமோ?"

என்ரை மகனும் இதைத்தான் கேட்டான். கைக்கு வரும் சம்பளம் மாதம் 500 யூரோ கூட. மருமகளுக்கும் சந்தோஷம். நான் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்தேன்.

இங்கே 75 சதுர மீற்றர் வீட்டுக்குச் சூடாக்கல், தண்ணீர் எல்லாம் சேர்த்து 850 கட்டுகிறான். முன்சன் நகரசபையின் 2025 வாடகை அட்டவணைப்படி சதுர மீற்றருக்குச் சராசரி 15.38 யூரோ. 75 ஆல் பெருக்குங்கோ, 1150 ஐத் தாண்டும். அது வெறும் கல்ட்மீற்ற. அதுவும் ஏற்கெனவே குடியிருப்பவர்களையும் சேர்த்த சராசரி. புதிதாக வீடு தேடுகிறவனுக்கு ஆர் அந்த விலைக்குத் தருவினம்? அவன் பார்த்த வீடுகள் எல்லாச் செலவோடும் 1700க்கு மேல். 500 கூட வர, 850 கூடப் போகுது!

சிறுவர் பணம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அரிசி, பால் விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மருமகள் வேலைக்குப் போகும் நாட்களில் பேரனைப் பார்ப்பது என்ரை மனுசி. அதுக்கு ஒருத்தரும் பில் எழுதுவதில்லை. அதனால் மகனின் கணக்கில் அது இல்லவே இல்லை.

வீட்டு முற்பணத்தையும் சொல்லவேணும். சட்டப்படி மூன்று மாதக் கல்ட்மீற்றக்கு மேல் கேட்க முடியாது. அதையும் மூன்று மாதத் தவணையில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. இது தெரியாமல் கடன்பட்டு ஒரேயடியாகக் கட்டியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள்.

புதிதாக அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேணும். 2016 இல் வந்த சட்டப்படி, மூன்று வருடத்துக்கு அதே மாநிலத்தில்தான் இருக்கவேணும். வேலை கிடைத்தால் அதை நீக்கக் கேட்கலாம். ஆனால் கடிதம் கைக்கு வரமுன்னம் வீட்டை விடாதேயுங்கோ.

மகன் வேலையை விடவில்லை. தகுதிகாண் காலம் ஆறு மாதமும் அங்கே ஒரு அறையில் தனியாக இருக்கிறான். டோர்ட்மண்ட் வீடு அப்படியே இருக்கு. விடுவதென்றால் மூன்று மாத முன்னறிவித்தல் கொடுக்கவேணும். ஒவ்வொரு சதச் செலவையும் எழுதச் சொல்லி அந்தக் கொப்பியையும் கொடுத்துவிட்டேன். ஆடியில் திரும்பவும் குசினி மேசையில் இருப்போம்.