பூட்டு ஒன்று, காரணம் இரண்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், மலிவு கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளே விலை கூடின கார்டு ஒளிஞ்சிருக்காமே, நிஜமா?" சில கார்டுகளில் அது நிஜமாகவே இருந்தது.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைச்சுக்குங்க. மொத்தம் 24 அறை. உங்கள் கையில் 22 சாவிதான். மற்ற இரண்டும் ஏன் பூட்டியிருக்கு? கூரை ஒழுகலாம். இல்லை, நீங்க வாடகையைக் குறைச்சுப் பேசினதால், நல்ல அறையையே பூட்டியிருக்கலாம். வெளியே நின்று பார்த்தால் இரண்டு பூட்டும் ஒரே மாதிரிதான்.

சிப்பிலும் இதே கதைதான். ஒரு மூலையில் பழுது விழுந்தால் முழு சிப்பையும் குப்பையில் போடுவதில்லை. அந்தப் பகுதியை மூடிவிட்டு மலிவு மாடலாக விற்கிறார்கள். மலிவு மாடலுக்குக் கிராக்கி கூடினால், பழுதில்லாத சிப்பிலும் அதே பகுதியை மூடி அனுப்பிவிடுவார்கள்.

2002-இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் 9700, 9500 இரண்டிலும் இருந்தது ஒரே சிப். 9700-இல் எட்டு பைப்லைன், 9500-இல் நான்கு. ஆர்வலர்கள் முதலில் ஒரு சின்ன ரெசிஸ்டரை இடம் மாற்றிச் சால்டர் செய்தார்கள். பிறகு மென்பொருளாலேயே திறந்தார்கள். சிலருக்கு எட்டும் ஓடியது. சிலருக்குத் திரையில் சதுரங்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவர்களுடையது ஒழுகுகிற அறை!

2010 டிசம்பரில் வந்த ஏ.எம்.டி. ரேடியான் எச்.டி. 6950-இல் 1408 கோர்கள். 6970-இல் 1536. மண்டபக் கணக்கேதான்: 64 கோர் கொண்ட தொகுதிகள் 24, அதில் 22 மட்டும் திறந்தவை. இங்கே சால்டரிங் தேவைப்படவில்லை. 6970-இன் பயாஸை ஏற்றினால் பல கார்டுகளில் மீதி இரண்டும் திறந்தன. அந்தக் கார்டில் இரண்டு பயாஸும் ஒரு சிறிய சுவிட்சும் இருந்ததால், கெட்டால் பழையதற்குத் திரும்ப முடிந்தது. ஆனால் வேகமும் மின்சாரத் தேவையும் கூடின. மின் இணைப்போ 6950-க்கு உரியதுதான். பின்னால் வந்த பல 6950-களில் இந்த வித்தை பலிக்கவும் இல்லை. இன்று பெரும்பாலான பூட்டுகள் சிப்புக்குள்ளேயே போடப்படுகின்றன. பயாஸையும் கண்டபடி மாற்ற விடுவதில்லை.

தம்பிகளே, பழைய கார்டு கிடைத்துச் செய்து பார்ப்பதானால் மூன்று விஷயம். முதலில், திரும்பி வர வழி இருக்கிறதா என்று பாருங்க. அசல் பயாஸை எடுத்து வைக்காமல் தொடாதீங்க. கல்லூரி லேப் மெஷினில் கை வைக்கவே வேண்டாம். இரண்டாவது, திறந்துவிட்டது என்பதும் ஒழுங்காக ஓடுகிறது என்பதும் வேறு வேறு. மணிக்கணக்கில் பாரம் ஏற்றிச் சோதியுங்க. மூன்றாவது, மாற்றிய 6950-ஐ அசல் 6970 என்று விற்காதீங்க. வாங்குகிறவரும் ஒரு தகப்பனின் சம்பளத்தில்தான் வாங்குவார்.

மேலே ஒட்டிய பெயர் விலையைத்தான் சொல்லும். உள்ளே இருப்பதைச் சோதனைதான் சொல்லும். அந்தச் சோதனைப் பழக்கத்தை நமக்குக் கொடுத்தது இந்தக் கல்லூரி.