ஓடுகிற கம்ப்யூட்டரைத் தொடலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

"பத்து நிமிஷம் பேசுங்க, ஆனா எல்லாருக்கும் உபயோகமா இருக்கணும்" என்று சங்கச் செயலாளர் அன்புக் கட்டளை போட்டுவிட்டார். எனவே என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து கல்யாண வீட்டில்கூட என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள்: "பதினொன்றுக்கு மாறணுமா, வேண்டாமா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. இந்த விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் தப்பு செய்திருக்கிறேன்.

முதல் தப்பு 2014-இல். கோவைப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. அந்த ஏப்ரல் 8-ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு முடிந்தது. எங்கள் டெஸ்ட் பெஞ்சில் இருந்தது எக்ஸ்பி கம்ப்யூட்டர்தான். தண்ணீரின் அழுத்தம், ஓட்டம், மோட்டார் இழுக்கும் கரண்ட் எல்லாவற்றையும் ஒரு கார்டு வழியாக வாங்கிப் பதிவு செய்யும். நான் விண்டோஸ் 7 டிவிடியோடு போய் நின்றேன். பெஞ்ச் ஆபரேட்டர் அண்ணன் கேட்டார்: "ஏனுங்க தம்பி, நல்லா ஓடிட்டு இருக்கறத எதுக்குங்க தொடறீங்க?"

நான் சிரித்துக்கொண்டே டிஸ்கை ஃபார்மேட் செய்தேன். போட்டது 64 பிட் விண்டோஸ். அது 32 பிட்டுக்கு எழுதிய டிரைவரை ஏற்காது. கார்டுக்குப் புது டிரைவர் உண்டா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. கார்டைச் செய்த கம்பெனியோ அந்த மாடலையே நிறுத்திவிட்டிருந்தது. பழைய டிஸ்கின் நகலும் இல்லை.

நான்கு நாள் டெஸ்டிங் நின்றது. டெஸ்ட் ஆகாத பம்பைப் பேக் செய்ய முடியாது. பேக்கிங் வேலைக்குத் தினக்கூலிக்கு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவர்களுடைய நான்கு நாள் கூலி என்னால் போனது. இன்றைக்கும் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஐந்தாம் நாள் காலை அதே அண்ணன் தன் டூல்ஸ் அலமாரியிலிருந்து நியூஸ்பேப்பரில் சுற்றிய ஒரு சிடியை எடுத்து வந்தார். "மெஷின் வாங்கறப்ப குடுத்ததுங்க. தூக்கிப் போட மனசு வரலீங்க." அதில் பழைய டிரைவர் இருந்தது. எக்ஸ்பி-யைத் திரும்பப் போட்டோம், பெஞ்ச் ஓடியது.

சூடு கண்ட பூனையாகிவிட்டேன். அடுத்த மூன்று வருடம் ஆபீசில் எந்த கம்ப்யூட்டரிலும் அப்டேட்டே போட விடவில்லை. இது இரண்டாவது தப்பு.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஆதரவில் இருந்த விண்டோஸில் அதைப் போட்டவர்கள் பிழைத்தார்கள். எங்கள் ஆபீசின் இருபது கம்ப்யூட்டரில் ஒன்றில்கூட அது இல்லை, என் உத்தரவுப்படி! கேபிளை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திருத்தத்தைப் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. நாங்கள் தப்பியது அதிர்ஷ்டம், திறமை அல்ல.

ஆக, "புதுசு வந்தா மாறு" என்பதும் தப்பு, "ஓடுறதைத் தொடாதே" என்பதும் தப்பு. ஒவ்வொரு மெஷினாகப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: இது இன்டர்நெட்டில் இருக்கிறதா? பேங்க் வேலை, மெயில், ஜிஎஸ்டி எல்லாம் பார்க்கிற மெஷின் என்றால் திருத்தம் வராத சிஸ்டத்தில் விட்டுவைக்கக் கூடாது. மாறியே ஆக வேண்டும்.

இரண்டு: நம் வேலைக்கு வேண்டியது புதியதில் ஓடுமா? விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. கடையில் டாஸ் காலத்து பில்லிங் ப்ரோக்ராம் வைத்திருக்கும் நண்பர்கள் முதலில் அதைக் கவனியுங்கள். மெஷினே தகுதியா என்றும் பாருங்கள்: டிபிஎம் 2.0, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். தகுதி இல்லையென்றால் உடனே தூக்கிப் போட வேண்டாம். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்களை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. படிக்க, டைப் அடிக்க மட்டும் என்றால் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் தாராளமாக ஓடும்.

மூன்று: திரும்பி வர வழி இருக்கிறதா? பத்தில் இருந்து பதினொன்றுக்கு மாறினால், பிடிக்கவில்லை என்று திரும்ப வழக்கமாகப் பத்து நாள்தான் அவகாசம். ஆகவே முதலில் முழு நகல் எடுங்கள். தம்பி தங்கைகளே, நகல் எடுத்தால் மட்டும் போதாது. ஒரு தடவை அதிலிருந்து ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகுதான் அது நகல்.

எங்கள் டெஸ்ட் பெஞ்சில் இன்றும் எக்ஸ்பி-தான். நெட்வொர்க் கேபிள் கிடையாது, யுஎஸ்பி-யும் மூடியிருக்கிறது, டிஸ்கின் நகல் இரண்டு இடத்தில் இருக்கிறது. அக்கவுண்ட்ஸ் மெஷின்கள் எல்லாம் பதினொன்றுக்குப் போய்விட்டன. ஒரே கம்பெனி, ஒரே கேள்வி, இரண்டு பதில். இரண்டும் சரியான பதில்தான்.

அந்த அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது அலமாரிச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். அந்த சிடி இன்னும் அதே பேப்பர் சுற்றி அங்கேயே இருக்கிறது.