மாதர் பிணியும் மனையோர் கடமையும்

(மூங்கில்துறைப்பட்டில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தென்பெண்ணைக் கரையிலுள்ள இவ்வூரில், பலரும் அவையில் எடுத்துரைக்க நாணும் பொருளொன்றைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். மணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறு வாய்க்காவிடின், காரணம் ஆராயாது, ‘மலடி’ என்னும் கொடுஞ்சொல்லைப் பெண்ணின்மேல் வீசுகின்றோம். இது நீதியாகுமோ?

மூளையின் அடியில் பட்டாணியளவே உடைய பிட்யூட்டரி என்னும் சுரப்பி ஒன்றுண்டு. அது தரும் ஹார்மோன்களுள் ஒன்று புரோலாக்டின். தாயின் மார்பிற் பால் சுரக்கச் செய்வது அதன் தொழில். 1928-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து ஸ்டிராஸ்பர்க் நகரில் ஸ்டிரிக்கர், குரூட்டர் என்னும் இருவர் முயல்களிடத்து ஆராய்ந்து அதன் செயலைக் கண்டனர். கருவுற்ற காலத்தும் பாலூட்டுங் காலத்தும் அது மிகுதல் இயற்கையே. ஏனைக் காலத்து மிகுமாயின் சினைமுட்டை முதிர்தல் தடைப்படும், மாதவிடாய் தவறும், குழந்தையின்றியே மார்பிற் பால் கசிதலும் உண்டு. நெடுநாள் கவனியாது விடின் எலும்பும் வலிமை குன்றும்.

இதற்குக் காரணம் பலவாம். தைராய்டுச் சுரப்புக் குறைவு ஒன்று. வாந்திக்கும் மனநோய்க்கும் தரப்படும் மருந்துகளுட் சில மற்றொன்று. பிட்யூட்டரியிலேயே தோன்றும் சிறு கட்டி பிறிதொன்று. அக்கட்டி பெரும்பாலும் புற்றன்று. எனினும், தலைவலியும் பார்வைக் குறைவும் சேர்ந்து தோன்றின் சிறிதும் தாமதித்தலாகாது.

நிற்க. என்பால் முன்னர்ப் பயின்ற மாணவன் ஒருவன், “ஐயா, வீட்டில் எனக்கு இரண்டாந்தாரம் பார்க்கிறார்கள்” என்று கண்கலங்கினான். கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுமாறு சொன்னேன். இரத்தச் சோதனையில் தைராய்டுக் குறைவும், அதனால் மிகுந்த புரோலாக்டினும் வெளிப்பட்டன. நாடோறும் ஒரு மாத்திரை. சில திங்களில் மாதவிடாய் சீர்ப்பட்டது. இப்பொழுது அவ்வில்லத்தில் தொட்டிலாடுகின்றது. ஆயின், ஆறாண்டுக் காலம் அப்பெண் கேட்ட வசைச்சொற்களை எம்மாத்திரை ஆற்றும்?

கட்டியே காரணமாயினும் அஞ்சற்க. பெரும்பாலோர்க்குக் காபர்கோலின் போன்ற மாத்திரைகளே போதுமானவை, அறுவை வேண்டுவதில்லை. மனக்கலக்கத்தாலும் அளவு சிறிது உயருமாதலின், ஒரு சோதனையைக் கொண்டே முடிவு செய்யாது, மருத்துவர் சொற்படி மீண்டும் பார்த்தல் நன்று. உண்டு வரும் மருந்தைத் தாமே நிறுத்துதலும் தீது.

2022-ஆம் ஆண்டில் நம் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. கோயிலுக்கு நேர்ந்துகொள்வோர் நேர்ந்துகொள்க. மருத்துவமனைக்குச் செல்லுதலையும் மறவற்க. மாமியார்மார்களே! நும் மருமகளும் ஒரு தாய் பெற்ற மகளே. பழிச்சொல் கூறுமுன் அவள் கைபற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.