கூடாரத்து இளைஞன்

1964ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ என்னும் வண்ணப்படம், அறுபது ஆண்டுகள் கடந்தும் தமிழர் உள்ளங்களில் நிலைத்திருக்கின்றது. நாகேஷ் கூறும் திகிற்கதையைக் கேட்டுப் பாலையா நடுங்கும் காட்சியை எண்ணி நகையாதார் அரியர்.

ஆயினும், வட்டகொடை போன்ற தேயிலைத் தோட்டங்களில் இப்படத்தின்பால் உள்ள அன்புக்கு வேறொரு காரணமும் சொல்லலாம். கதையில் வரும் செல்வர் ஒரு தோட்ட முதலாளி. அவரிடம் வேலையிழந்த இளைஞன் அவர் மாளிகைக்கு எதிரே கூடாரமடித்து, ஆடியும் பாடியும் வேலை கேட்கின்றான். அவர் மகளையே காதலிக்கவும் செய்கின்றான்.

மலைநாட்டில் வேலையிழப்பு விளையாட்டன்று. முற்காலத்தில் பற்றுச்சீட்டு வாங்கியவனுக்கு லயத்துக் காம்பராவும் இல்லாமற்போனதுண்டு. துரையின் பங்களா முன்னே கைகட்டி நின்றோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்றோ இன்று அக்கூடாரத்தைக் கண்டு சிரிக்கின்றனர்! முதலாளி நகைப்புக்கு ஆளாகின்றார். எனினும் எவர் மனமும் புண்படுவதில்லை. முடிவில் பகை மறைந்து மணவிழா நிகழ்கின்றது.

நாள் முழுதும் கொழுந்துக் கூடை சுமந்த மூதாட்டி, பேத்தியுடன் அமர்ந்து அதே காட்சிக்கு மீண்டும் சிரிக்கின்றாள். முதலாளிக்கு முன் அச்சமின்றிச் சிரிக்கக் கிடைத்த அந்தச் சில மணி நேரத்துக்குச் செலுத்தும் நன்றியே இந்த மாறாத அன்பு எனலாம்.