அப்பா போட்ட கோடு

(சங்கத்தின் சந்திப்பு விழாவில் முன்னாள் கணித மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“கணக்குப் பாடத்திலேயே ஏதாவது பேசுங்க, ஆனா யாரும் தூங்கிடாம பேசுங்க” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அரை மணிக்கு மிகாமல் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த ‘மிகாமல்’ என்ற சொல்தான் இன்று என் தலைப்பு. பாடப் புத்தகத்தில் அதற்கு அசமன்பாடு என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் நாம் சமன்பாட்டைத்தான் அதிகம் படிக்கிறோம். வெளியே வந்து பார்த்தால் ‘சமம்’ என்பது அபூர்வம். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களைக் கேளுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கிற கிலோவுக்கு மிகாமல் பெட்டி கட்ட அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். கூத்தாநல்லூரைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று தெரியும்: கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். அந்த ஓர் அசமன்பாட்டுக்காக ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, மழை வந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிய கால்கள் இந்தக் கூட்டத்திலேயே பல இருக்கும்.

நான் இந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது நேரியல் திட்டமிடல் பாடம் வந்தது. நாற்காலி, மேஜை செய்யும் தச்சுப்பட்டறைக் கணக்குதான் புத்தகத்தில் இருந்தது. எனக்கு அது போதவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது கிராஃப் தாளையும் கொண்டுபோனேன். அப்பாவுக்கு 15 மா நிலம். எங்கள் பக்கம் மூன்று மா ஓர் ஏக்கர். ஆக, ஐந்து ஏக்கர்.

கேள்வி எளிது. எத்தனை மாவில் குறுவை போட்டு, அறுத்ததும் தாளடி நடுவது? எத்தனை மாவைச் சம்பாவுக்கு விடுவது? முதல் வகைக்கு ‘கு’, இரண்டாவதுக்கு ‘ச’ என்று வைத்துக்கொண்டேன். எண்களை நான் சொல்வது உருட்டிய எண்கள், மனத்தில் போட்டுப் பார்க்க வசதியாக.

நிலம் 15 மாவுக்கு மிகாது: கு + ச ≤ 15.

கையிருப்பு 3,000 ரூபாய். குறுவை, தாளடி இரண்டுக்குமாக ஒரு மாவுக்கு 300 ரூபாய் ஆகும், சம்பாவுக்கு 150. சுருக்கினால் 2கு + ச ≤ 20.

ஒவ்வொன்றையும் முதலில் சமன்பாடாக நினைத்து ஒரு நேர்கோடு போட வேண்டும். கோட்டின் எந்தப் பக்கம் நமக்கு வேண்டியது என்று பார்க்க, பூச்சியம், பூச்சியம் என்ற ஆதிப்புள்ளியைப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே பயிரிடாவிட்டால் நிலமும் மீறாது, பணமும் மீறாது. ஆகவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கமே நம் பக்கம். இரண்டு கோட்டுக்கும் பொதுவான பக்கத்தை நிழலிட்டால் நாலு மூலையுள்ள ஒரு வயல் மாதிரி வரும். அதற்குள் எந்தப் புள்ளியை எடுத்தாலும் நம்மால் செய்யக்கூடியதுதான்.

செலவு போக மிச்சம், குறுவை தாளடியில் மாவுக்கு 5 மூட்டை, சம்பாவில் 3 மூட்டை. அதாவது 5கு + 3ச என்பதைக் கூட்ட வேண்டும். இதற்கும் ஒரு கோடு உண்டு. அந்தச் சாய்வில் ஸ்கேலை வைத்து, சாய்வு மாறாமல் மேலே தள்ளிக்கொண்டே போங்கள். நிழலிட்ட இடத்தை விட்டு ஸ்கேல் விலகப் போகும் கடைசி நொடியில் அது எங்கே தொட்டுக்கொண்டிருக்கும்? ஒரு மூலையில். அதனால்தான் மூலைகளை மட்டும் சோதித்தால் போதும் என்கிறோம். (ஸ்கேலின் சாய்வும் ஓர் ஓரத்தின் சாய்வும் ஒன்றாகிவிட்டால் அந்த ஓரம் முழுவதுமே விடை. பரீட்சையில் இதைக் கேட்பார்கள், தம்பிகளா.)

மூலைகள்: முழுக்கச் சம்பா 15 மா என்றால் 45 மூட்டை. பணம் முழுவதையும் குறுவை தாளடியில் போட்டு 10 மா என்றால் 50. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம், குறுவை தாளடி 5, சம்பா 10. அதில் 55 மூட்டை. அதுதான் விடை.

நான் அத்தோடு விட்டேனா? பணக்கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். 300 ரூபாய் கூடக் கிடைத்தால் மூலை ஏழுக்கு எட்டு என்று நகர்கிறது, மிச்சம் 59. முந்நூறு ரூபாய்க்கு நாலு மூட்டை லாபம்! அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா மறு பேச்சில்லாமல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சமையல்கட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். அடகுக் கடைக்கு மறுநாள் போவதாகப் பேச்சு.

ராத்திரி அப்பா வந்து, திண்ணையில் உட்கார்ந்து, கிராஃப் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

“இது நெலமா?”

“ஆமாப்பா.”

“இது பணமா? சரி. ஆளு எங்க?”

“ஆளா?”

“ஏன்டா, குறுவை அறுக்கறதும் தாளடி நடறதும் ஒரே சமயத்துல வருமே. ஐப்பசி மழை தலைக்கு மேல நிக்கும். ஊரே ஆளு தேடும். நமக்கு வர்ற ஆளை வச்சு மூணு மாதான் அறுத்து நட முடியும். அந்தக் கோடு எங்க போட்ருக்கே?”

போடவில்லை. அந்த இடத்திலேயே போட்டேன்: கு ≤ 3. நேராக நிற்கும் ஒரு கோடு. என் அழகான மூலையைக் கத்தி வைத்த மாதிரி வெட்டிப் போட்டது. புது மூலை மூன்றுக்குப் பன்னிரண்டு, மிச்சம் 51 மூட்டை. பணம் எவ்வளவு ஆகிறது பாருங்கள்: மூன்று மாவுக்கு 900, பன்னிரண்டு மாவுக்கு 1,800, மொத்தம் 2,700. முந்நூறு ரூபாய் கையிலேயே மிஞ்சுகிறது! மிஞ்சுகிற பணத்தோடு இன்னும் முந்நூறு சேர்க்கத்தான் அம்மாவின் சங்கிலியைக் கழற்ற வைத்திருந்தேன்.

எந்தக் கோடு நம்மை இறுக்குகிறதோ அதைத் தளர்த்தினால்தான் பயன். இறுக்காத கோட்டை எவ்வளவு தள்ளினாலும் ஒரு மூட்டை கூடாது. இதற்கு நிழல் விலை என்று பெயர். எங்கள் வீட்டில் அன்று பணத்தின் நிழல் விலை பூச்சியம். இன்னொரு மாவை அறுத்து நட ஆள் கிடைத்தால் அதன் நிழல் விலை இரண்டு மூட்டை. அப்பாவுக்குப் பெயர் தெரியாது, விலை தெரிந்திருந்தது. சங்கிலி காலையில் மறுபடி அம்மா கழுத்துக்குப் போய்விட்டது.

வெகு காலம் கழித்துத்தான் எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. 1947ல் சிம்ப்ளக்ஸ் முறையைக் கண்டுபிடித்த ஜார்ஜ் டான்ட்சிக்கே இப்படிக் கோட்டைக் கோட்டை விட்டிருக்கிறார்! டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னதும், என்ன சாப்பிடுவது என்று கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டார். தினம் 500 காலன் வினிகர் குடிக்கச் சொன்னது. வினிகரை நீக்கினார். 200 சூப்புக் கட்டி கரைத்துக் குடிக்கச் சொன்னது. இத்தனைக்கு மிகாமல் என்ற கோடு இல்லாததால் வந்த வினை. எந்திரம் தப்பாகக் கணக்குப் போடவில்லை. கேட்டதைச் சரியாகத்தான் சொன்னது.

நான் வரைந்த தாளில் தண்ணீர்க்கோடும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்தது. தாளுக்கு வெளியே எங்கோ கிடந்த கோட்டை யார் வரைவார்கள்? 2012ல் அது உள்ளே வந்தது. வழக்கமான ஜூன் 12ல் மேட்டூர் திறக்கவில்லை, செப்டம்பர் 17ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரையே நம்பியிருந்தவர்களுக்கு கு = 0. மோட்டார் வைத்திருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் குறுவை பார்த்தார்கள். அதற்குப் பிறகு 2019 வரை எந்த வருஷமும் ஜூன் 12ல் திறக்கவில்லை, 2020ல்தான் அந்தத் தேதி திரும்ப வந்தது. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இது மாறாத எண். அதில் ஜூன் மாதம் எவ்வளவு நிற்கிறது என்பதுதான் வெண்ணாற்றுப் பாசனக்காரனின் கிராஃபில் எந்தக் கோடு இறுக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

அப்பா போட்ட ஆள் கோடும் இன்று அதே இடத்தில் இல்லை. அறுவடை வண்டி வந்து அதை வலப்பக்கம் தள்ளிவிட்டது. ஆனால் நனைந்த வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும், அதற்கு மணி வாடகை அதிகம். ஆக, ஆள் கோடு தள்ளிப் போய்ப் பணக்கோடு இறுகிவிட்டது. பலர் நடவையே விட்டு நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். வருஷா வருஷம் தாளைப் புதிதாக வரைய வேண்டியிருக்கிறது.

இரண்டு பயிர் வரைக்கும் கிராஃப் தாள் போதும். பருத்தியையும் சேர்த்தால் மூன்றாவது அச்சு வேண்டும். உளுந்தையும் சேர்த்தால் படமே வரைய முடியாது, சிம்ப்ளக்ஸ் வழிக்குத்தான் போக வேண்டும். மிகப் பெரிய கணக்குகளுக்கு 1984ல் நம் நாட்டு நரேந்திர கர்மார்க்கர், ஓரம் ஓரமாகப் போகாமல் உள்ளே புகுந்து போகும் வேறொரு வழி கண்டார். அதை உங்கள் பேராசிரியர்கள் சொல்லித் தருவார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வாசல் மேஜையில் கிராஃப் தாள் கட்டு இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துப் போய், வீட்டில் நிலம் பார்க்கிறவர்கள், கடை பார்க்கிறவர்கள் யாராவது ஒருவரின் கணக்கை வரையுங்கள். வரைந்த பிறகு அவர்களிடமே காட்டி, “எந்தக் கோடு விட்டுப்போச்சு?” என்று கேட்டு, அதை வேறு மையில் போடுங்கள். நாளை மதியம் வரை நான் ஊரில்தான் இருப்பேன், கொண்டு வந்தால் சேர்ந்து பார்க்கலாம்.